பக்கத்து வீட்டு நெருப்பு: டிஸ்க் இல்லாத கணினிக்கு லினக்ஸ் போன கதை

பழைய கணினிக்கு லினக்ஸ் போடுவது என்றால் இண்டைக்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு பென் ட்ரைவ், அதில் ஒரு ஐஎஸ்ஓ, செருகிவிட்டு எஃப்12. கொஞ்சம் முந்திய தலைமுறைக்குச் சீடி, அதுக்கும் முந்தியவர்களுக்கு ஃப்ளொப்பி. 1993இல் வந்த ஸ்லாக்வெயார் முதல் பதிப்பு 24 ஃப்ளொப்பிகளில் கொள்ளும் அளவாக இருந்தது. இருபத்துமூன்றாவது பழுதாய்ப்போனால் திரும்பவும் முதலில் இருந்து. அந்தக் கஷ்டத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதிலும் ஒரு நிச்சயம் இருந்தது: தொடக்கம் உங்கட கையில், ஒரு பொருளாக இருந்தது.

அந்தப் பொருளே இல்லாவிட்டால்?

1994இல் வந்த சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கோ. பீட்சாப் பெட்டி மாதிரித் தட்டையான சாம்பல் நிறப் பெட்டி. அதன் காலத்தில் இது சாதாரண இயந்திரம் இல்லை. 1995இல் வந்த டோய் ஸ்டோரி படத்தின் காட்சிகளைக் கணித்து முடித்தவை இதே வகை இயந்திரங்கள் 117. இப்ப யாரோ ஓர் ஆய்வுகூடத்துக் களஞ்சியத்தில் இருந்து எடுத்து உங்களிடம் தந்திருக்கிறார்கள். யூஎஸ்பி துளை கிடையாது. ஃப்ளொப்பி ட்ரைவ் இருந்தால் அதிர்ஷ்டம், அது வேலைசெய்தால் இன்னொரு அதிர்ஷ்டம். சரி, சீடி ட்ரைவ் ஒன்றைப் பூட்டுவோம் என்றால் அங்கேயும் ஒரு கண்ணி. சாதாரண சீடி ட்ரைவ்கள் தரவை 2048 பைட் துண்டுகளாக வாசிக்கும். சன்னின் பழைய ஃபேர்ம்வெயார் எதிர்பார்த்தது ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதுபோல 512 பைட் துண்டுகளை. அதற்கேற்ப மாறக்கூடிய ட்ரைவ்கள் சிலதான் இருந்தன. மற்றதைப் பூட்டினால் இயந்திரம் அதை மதிக்காது. மொனிட்டர் வயரும் வேறு, கீபோர்ட்டும் வேறு. சாதாரணமாகக் கடையில் வாங்கக்கூடிய எதுவும் அதற்குப் பொருந்தாது.

அப்படியிருந்தும் அந்த இயந்திரங்களில் கனக்கப் பேர் லினக்ஸ் போட்டார்கள். எப்படி என்று தேடப்போனால் விடை 1990களில் இல்லை. பத்து வருஷம் பின்னுக்குப் போகவேண்டும். நான் கலைப்பீடத்து ஆள், சுற்றுப் பலகையைக் கண்டால் எனக்கு ஒன்றும் விளங்காது. என்னைப் பிடித்திழுத்தது அந்தப் பின்னுக்குப் போகிற பகுதிதான்.

முதலில் ஒரு சொல். கணினியைத் தொடக்குவதை பூட் என்கிறோமே, அது பூட்ஸ்ட்ராப் என்பதன் சுருக்கம். சப்பாத்தின் பின்பக்க வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது. நடக்கமுடியாத காரியத்துக்கான பகிடி அது. ஏன் அந்தப் பெயர் என்றால், ஒரு கணினி நிரலை ஓட்டுவதற்கு அந்த நிரலை யாராவது நினைவகத்துக்குள் கொண்டுவந்து வைக்கவேண்டும். கொண்டுவந்து வைக்கிறதும் ஒரு நிரல்தானே, அதை யார் கொண்டுவருவது? 1965இல் வந்த பிடிபி-8 போன்ற இயந்திரங்களில் விடை மனிதக் கை. முன்பக்கத்தில் உள்ள சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தட்டி, இருபதுக்கும் குறைவான கட்டளைகளை ஒவ்வொன்றாக உள்ளே போடுவார்கள். அந்தச் சின்ன நிரலுக்குத் தெரிந்தது காகித நாடாவை வாசிப்பது மட்டும். அந்த நாடாவில் இன்னும் கொஞ்சம் பெரிய நிரல் இருக்கும். அது மிச்சத்தைக் கொண்டுவரும். பிறகு அந்தச் சின்ன நிரலை அழியாத சிப்பில் எழுதி உள்ளேயே வைத்துவிட்டார்கள். சுவிட்சு தட்டும் வேலை போனது. கேள்வி போகவில்லை: அந்தச் சிப்பு மிச்சத்தை எங்கே போய்த் தேடவேண்டும்?

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் இதற்கு ஒரு புதுப் பதில் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1982 பெப்ரவரியில் தொடங்கிய கொம்பனி. சன் என்பது சூரியன் இல்லை, ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி நெற்வேர்க் என்பதன் முதலெழுத்துகள். அங்கே மாணவராக இருந்த அன்டி பெக்டோல்ஷைம் அந்த நெற்வேர்க்குக்காக வடிவமைத்த இயந்திரத்தில் இருந்துதான் கொம்பனி பிறந்தது. அதாவது பெயரிலேயே வலை இருக்கிறது. அக்காலத்தில் ஹார்ட் டிஸ்க் பயங்கர விலை. ஒரு கூடத்தில் இருபது பேருக்கு இருபது இயந்திரம் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்கும் வாங்குவதைவிட, நடுவில் ஒரு பெரிய இயந்திரத்துக்கு மட்டும் டிஸ்க் போட்டு மற்ற எல்லாவற்றையும் வெறும் பெட்டியாக விற்றால் என்ன? சன் அப்படித்தான் விற்றது. சன்-3/50 பெரும்பாலும் டிஸ்க் இல்லாமலே மேசைகளுக்குப் போனது. 1989இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1ஐக்கூட டிஸ்க் இல்லாமல் வாங்கலாம். நெற்வேர்க்தான் கணினி என்று சன் விளம்பரம் செய்தது வெறும் கவிதை இல்லை. நெற்வேர்க் வயரைக் கழற்றினால் அந்தப் பெட்டி உண்மையிலேயே ஒன்றுமில்லை.

டிஸ்க் இல்லாத பெட்டிக்குத் தான் யாரென்றே தெரியாது. சுவிட்சைப் போட்டவுடன் அதற்குத் தெரிந்தது ஒரேயொரு விஷயம், தன் ஈதர்நெட் முகவரி. அதைவைத்து என்ன செய்யலாம் என்பதற்கு 1984 ஜூனில் ஸ்டான்ஃபோர்டில் நான்கு பேர் சேர்ந்து ஆர்எஃப்சி 903 என்ற சின்ன ஆவணத்தை வெளியிட்டார்கள். அதுதான் ரார்ப். நடப்பது இவ்வளவுதான்: பெட்டி அந்த வயரில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படி, என் ஈதர்நெட் முகவரி இது, என் ஐபி முகவரி என்ன, என்று கத்தும். அட்டவணை வைத்திருக்கும் யாராவது, உன் முகவரி இது, என்று பதில் சொல்வார்கள். பெயர் கிடைத்தவுடன் அடுத்த வேண்டுகோள்: என் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா, தா. இதற்குப் பயன்பட்டது டிஎஃப்டிபி, 1981இல் எம்ஐடியின் கரன் சொலின்ஸ் எழுதிய ஆவணத்தால் நிலைபெற்றது. கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டை அனுப்பி, கிடைத்தது என்று பதில் வந்தபின்தான் அடுத்ததை அனுப்பும். 3 எம்பி கோப்பு என்றால் ஆறாயிரத்துச் சொச்சம் தடவை இந்தக் கொடுக்கல் வாங்கல். மெதுவானது, மொக்கானது. ஆனால் அதைச் செய்யும் நிரல் மிகச் சின்னது, ஒரு சிப்புக்குள் அடங்கிவிடும். அதுதான் தேவை.

ஊரில் முந்தி தீப்பெட்டி முடிந்தால் பக்கத்து வீட்டு அடுப்பில் இருந்து ஒரு கொள்ளியை வாங்கிவந்து அடுப்பு மூட்டுவார்களாம். அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ரார்ப்பை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஒப்புமை ஓர் இடத்தில் அப்படியே பொருந்துகிறது: ரார்ப் ரூட்டரைத் தாண்டாது. அதே வயரில் இருப்பவர்தான் பதில் சொல்ல ஏலும். தூரத்து நகரத்தில் எவ்வளவு பெரிய சேர்வர் இருந்தாலும் உதவாது, பக்கத்து வீடுதான் வேண்டும்.

இந்தக் குறையைத் தீர்க்க 1985 செப்டம்பரில் பூட்பி வந்தது. எழுதியவர்கள் ஸ்டான்ஃபோர்டின் பில் குரொஃப்டும் சன்னின் ஜோன் கில்மோரும். கில்மோர் பிறகு 1990இல் இணைய உரிமைகளுக்கான எலக்ட்ரானிக் ஃப்ரொன்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர். பூட்பியில் இருந்து 1993இல் டிஎச்சிபி வளர்ந்தது. உங்கட ஃபோன் வைஃபையில் சேரும்போது இண்டைக்கும் நடப்பது அதுதான். சன் மட்டும் தன் பெட்டிகளில் ரார்ப்பையே கனகாலம் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு மனிதரையும் சொல்லவேண்டும். ஸ்பார்க்ஸ்டேஷன் 1இல் இருந்து சன் இயந்திரங்களின் சிப்பில் இருந்தது ஓபன்பூட். எழுதியவர் மிட்ச் பிராட்லி. ஃபோர்த் என்ற மொழியை முழுசாக அந்தச் சிப்புக்குள் வைத்துவிட்டார். இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்ட்டில் ஸ்டொப்பையும் ஏ எழுத்தையும் சேர்த்து அமத்தினால் எல்லாம் நின்று, வெள்ளைத் திரையில் ஓகே என்ற சின்னச் சொல் மட்டும் வந்து நிற்கும். அங்கே நீங்கள் கேள்வி கேட்கலாம், கணக்குச் செய்யலாம், நினைவகத்தின் எந்த மூலையையும் பார்க்கலாம், மாற்றலாம், நிரலே எழுதலாம். மொனிட்டரும் கீபோர்ட்டும் இல்லையா? பரவாயில்லை. கீபோர்ட் இல்லை என்று கண்டால் அது தானாகவே சீரியல் துளைவழியாக, வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் கதைக்கத் தொடங்கும். 1994இல் இதே வடிவம் ஐஈஈஈ 1275 என்ற பொதுத் தரமானது. பிராட்லி பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் எக்ஸ்ஓ கணினிக்கும் இதே வகை ஃபேர்ம்வெயார் எழுதினார். இலங்கைப் பாடசாலைகள் சிலவற்றுக்கும் வந்ததே, அந்தப் பச்சை வெள்ளைக் கணினி, அதேதான்.

இதுவரை சொன்ன எதிலும் லினக்ஸ் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஓகஸ்டில் அதை அறிவித்தபோது, இது 386 சிப்புக்கு மட்டும், வேறு இயந்திரத்துக்கு ஒருநாளும் போகாது என்ற தொனியில்தான் எழுதினார். 1994இல் டிஜிட்டல் கொம்பனியைச் சேர்ந்த ஜோன் ஹால், எல்லாரும் மடோக் என்று கூப்பிடும் அந்தத் தாடிக்காரர், லினஸுக்கு ஓர் அல்ஃபா இயந்திரம் கிடைக்கப் பண்ணினார். அதன் பிறகு லினக்ஸின் உள்ளமைப்பே மாறத் தொடங்கியது. ஸ்பார்க் பக்கம் வேலை செய்தவர் டேவிட் மில்லர், நியூஜேர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அவருக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் மெக்சிக்கோவின் மிகெல் டி இகாசா, 1997இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கியவர். இவர்கள் இருவரும் அப்போது இருபதுகளில். எங்கட வயசு. 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1இல் ஸ்பார்க் ஓர் அதிகாரபூர்வ வகையாகச் சேர்ந்தது.

இப்ப இரண்டு கதையும் சந்திக்கின்றன. சன் தன் வாடிக்கையாளருக்காக, தன் சொந்த இயங்குதளத்தைக் கொடுப்பதற்காக வைத்த வாசல் அது. ஆனால் வாசலில் காவல் இல்லை. உங்கட மடிக்கணினியையும் அந்தப் பெட்டியையும் ஒரு வயரால் இணையுங்கோ. மடிக்கணினியில் ரார்ப் சேவையை ஓடவிட்டு, இந்த ஈதர்நெட் முகவரிக்கு இந்த ஐபி என்று ஒரு வரி எழுதுங்கோ. 192.168.1.2 என்று வைப்போம். பெட்டி அடுத்துக் கேட்கப்போகும் கோப்பின் பெயர் அதே முகவரிதான், ஆனால் பதினாறின் அடி எண்ணில்: 192 சீ0 ஆகும், 168 ஏ8 ஆகும், 1 என்பது 01, 2 என்பது 02. சேர்த்தால் சீ0ஏ80102. ஸ்பார்க்ஸ்டேஷன் 20 என்றால் அதன் வாலில் ஒரு புள்ளியும் சன்4எம் என்ற சொல்லும். அந்தப் பெயரில் லினக்ஸ் நிறுவியின் கோப்பை வைத்துவிட்டு, ஓகே என்று நிற்கும் இடத்தில் பூட் நெட் என்று தட்டினால், திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. யார் தந்தது, என்ன தந்தது என்று அது கேட்பதில்லை. பதில் வந்தது, ஓட்டுகிறேன், அவ்வளவுதான்.

வேலை செய்யாத நேரங்கள்தான் கூட. பதில் கிடைக்காவிட்டால் காத்திருந்து நேரம் முடிந்தது என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். காரணம் சொல்லாது. சிலிக்கன் கிராஃபிக்ஸின் இண்டி என்ற 1993ஆம் ஆண்டு இயந்திரத்தில் இன்னும் விசித்திரம். அது பூட்பியில் கேட்கும், பதிலை வாங்கும், கோப்பின் முதல் துண்டோடு நின்றுவிடும். அந்தச் சிப்பில் இருந்த நிரல், சேர்வரின் போர்ட் எண் 32767க்கு மேலே போனால் குழம்பிவிடும். பதினாறு பிட்டில் குறியோடு எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் அது. 1993இல் யாருக்கும் இது தட்டுப்பட்டிருக்காது. பிறகு வந்த லினக்ஸ் சேர்வர்கள் அதைவிடப் பெரிய எண்களைத் தாராளமாகப் பாவித்தபோதுதான் வெளியே தெரிந்தது. மருந்து இண்டியில் இல்லை, அதன் சிப்பை யார் இனி மாற்றுவது? உதவி செய்கிற புது லினக்ஸ் இயந்திரத்தில்தான் எண்ணை 32767க்குள் அடக்கச் சொல்லி ஒரு வரி எழுதவேண்டும். வயதுபோனவரோடு கதைக்கும்போது இளசுதான் குரலை மாற்றவேண்டும் என்பதுபோல.

சன்னில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, மறதி. அதன் ஈதர்நெட் முகவரி ஒரு சின்னச் சிப்பில் இருக்கிறது. அந்தச் சிப்புக்குள்ளேயே, பிசினால் மூடி, ஒரு பற்றரி. பத்து வருஷம் போல உழைக்கும். பிறகு செத்துவிடும். கழற்றி மாற்றுகிற மாதிரி வைக்கவில்லை. பற்றரி செத்தால் இயந்திரம் தன் ஒரே அடையாளத்தையும் மறந்துவிடும். கத்துவதற்குப் பெயர் இல்லை, அதனால் ரார்ப்பும் இல்லை. 2000களில் இப்படித்தான் நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் பழுது என்று குப்பைக்குப் போயின.

மீட்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஓகே என்று நிற்கிறதே, அங்கேயே ஃபோர்த் மொழியில் ஒவ்வொரு பைட்டாக அடையாளத்தைத் திரும்பத் தட்டினார்கள். முதலில் இயந்திர வகை, பிறகு சன்னுக்கு உரிய 8, 0, 20 என்ற முன்பகுதி, பிறகு மூன்று பைட் நீங்கள் விரும்பியது, கடைசியில் எல்லாவற்றையும் சரிபார்க்கும் எண். அந்த விருப்பமான மூன்று பைட்டுக்குக் கனக்கப் பேர் போட்டது சீ0, எஃப்எஃப், ஈஈ. பூச்சியத்தை ஓ என்று வாசித்தால் ஆங்கிலத்தில் கோப்பி. உலகம் முழுக்க எத்தனையோ சன் பெட்டிகளுக்கு ஒரே பெயர், கோப்பி. இரண்டு கோப்பி ஒரே வயரில் வந்தால் பிரச்சினை, ஆனால் அப்படி வர வாய்ப்புக் குறைவு. மின்சாரம் போனால் திரும்பத் தட்டவேண்டும். பொறுமை இல்லாதவர்கள் சிப்பின் பிசினை அரத்தால் ராவி, உள்ளே செத்த பற்றரியின் கம்பியை வெட்டி, வெளியே ஒரு மணிக்கூட்டுப் பற்றரியை ஒட்டினார்கள்.

இதையெல்லாம் வாசித்து, அந்தக் காலம் எவ்வளவு சுதந்திரமானது என்று சொல்லிவிட்டுப் போக ஆசையாக இருக்கிறது. அது பாதி உண்மைதான். ரார்ப்பில் பதில் சொல்பவர் யாரென்று சரிபார்க்கும் வழியே இல்லை. டிஎஃப்டிபியில் கடவுச்சொல் என்று ஒன்று கிடையாது. பூட்டப்படாத ஆய்வுகூடத்தில் எந்த மாணவரும் ஸ்டொப், ஏ அமத்தி உள்ளே போகலாம். அதற்காகப் பிறகு கடவுச்சொல் போடும் வசதியை வைத்தார்கள், எல்லாரும் போடவில்லை. நல்ல மனசோடு நீங்கள் உங்கட பெட்டிக்கு லினக்ஸ் கொடுத்த அதே வழியால், இன்னொருவர் உங்கட பெட்டிக்கு எதையும் கொடுத்திருக்கலாம். அதை எழுதியவர்கள் மடையர்கள் இல்லை. அவர்களின் வயரில் இருந்தவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். ஒரு கட்டடம், ஒரு துறை.

அந்த நம்பிக்கை போனபோது பூட்டு வந்தது. 2012இல் விண்டோஸ் 8ஓடு பரவிய செக்யூர் பூட், கையொப்பம் இல்லாத எதையும் தொடக்க விடாது. நல்ல காரணம்தான். ஆனால் யாருடைய கையொப்பம்? சாதாரண பிசிக்களில் அது மைக்ரோசொஃப்டின் சாவி. பெரிய லினக்ஸ் விநியோகங்கள் ஷிம் என்ற சின்ன நிரலை எழுதி மைக்ரோசொஃப்டிடம் கையொப்பம் வாங்கித்தான் உள்ளே வருகின்றன. பிசியில் இதை நிறுத்தவாவது ஏலும். அதே வருஷம் வந்த விண்டோஸ் ஆர்டி டப்லெட்களில் அதுவும் ஏலாது. கொம்பனி அவற்றுக்குப் புதுப் பதிப்புக் கொடுப்பதை நிறுத்தியபின் வேறு இயங்குதளம் போட உரிமையாளருக்கு அனுமதிக்கப்பட்ட வழி ஒன்றும் இருக்கவில்லை. எங்கட கையில் இருக்கும் பெரும்பாலான ஃபோன்களும் ஏறத்தாழ அதே நிலைதான். சில வருஷத்தில் அப்டேட் நின்றுவிடும், ஹார்ட்வெயார் நல்லாத்தான் இருக்கும், பூட்லோடர் பூட்டியிருக்கும்.

இங்கேதான் சன் பெட்டியை யோசிக்க எரிச்சல் வருகிறது. 2010இல் ஒராக்கிள் சன்னை வாங்கியது, சன் என்ற கொம்பனி முடிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பெட்டியைத் தொடக்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. காரணம் சன் தாராள மனசு என்பதல்ல, அவர்களும் காசுக்காகத்தான் விற்றார்கள். தொடக்கத்தின் மொழி எண்ணிட்ட பொது ஆவணங்களில் இருந்தது, யாரும் வாசித்துப் பதில் சொல்லலாம். பாதுகாப்பு வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்தக் கதைக்கு லினக்ஸ் பக்கத்திலும் ஒரு முடிவு இருக்கிறது, அது கொம்பனியால் வந்ததல்ல. பழைய 32 பிட் ஸ்பார்க்கைப் பராமரிக்க ஆட்கள் குறைந்தார்கள். 2007இல் வந்த டெபியன் 4.0தான் அந்தப் பெட்டிகளுக்கான கடைசி டெபியன். அடுத்த பதிப்பில் அவை இல்லை. 2015இன் டெபியன் 8இல் ஸ்பார்க் என்ற வகையே அதிகாரபூர்வப் பட்டியலில் இருந்து போய்விட்டது. சாவி இருந்தாலும் வீட்டைக் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும்தானே. நெட்பிஎஸ்டிக்காரர்கள் மட்டும் இன்னும் விடவில்லை, அவர்களின் பட்டியலில் ஸ்பார்க் இருக்கிறது. டெபியன் 4.0இன் நெட்பூட் கோப்புகளும் டெபியனின் பழைய பதிப்புக் களஞ்சியத்தில் கிடக்கின்றன. எங்காவது களஞ்சிய அறையில் சாம்பல் நிறப் பீட்சாப் பெட்டி ஒன்றைக் கண்டால், முதலில் அந்தப் பற்றரிச் சிப்பைப் பாருங்கோ. சீரியல் வயர் ஒன்றும் தேடிவையுங்கோ, அது இப்ப லேசில் கிடைக்காது.